குழந்தைக்கு வீட்டிலேயே ஃபிரெஞ்ச் பின்னல்: இழுக்காமல், வலிக்காமல் பின்ன ஒரு முழு வழிகாட்டி

ஆனி, ஆடிக் காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்க ஆரம்பித்துவிட்டால் புளியரை, செங்கோட்டை, தென்காசி பக்கத்துப் பெண் குழந்தைகளின் தலை காலை எட்டு மணிக்கு ஒரு மாதிரியும் பத்து மணிக்கு வேறு மாதிரியும் இருக்கும். சாதாரண மூணு கால் சடை பின்னி அனுப்பினால் சடை என்னவோ அப்படியே இருக்கும், ஆனால் நெற்றி ஓரத்து முடியும் காதோரத்து முடியும் பஸ் ஜன்னல் காற்றில் பிரிந்து முகத்தில் விழும், பிள்ளை நாள் முழுக்க அதை ஒதுக்கிக்கொண்டே இருக்கும். ஃபிரெஞ்ச் பின்னலில் அந்த ஓரத்து முடியெல்லாம் உச்சியிலிருந்தே சடைக்குள் போய்விடுகிறது. அதனால்தான் விசேஷத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைக்காமல் பள்ளிக்கூட நாட்களுக்கும் இதைப் பழகச் சொல்கிறேன்.

இதைக் கற்க நினைப்பவர்கள் பலரும் ஒரு இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். முடியை நன்றாக இழுத்து இறுக்கினால்தான் பின்னல் நிற்கும் என்று நினைத்து இழுக்கிறார்கள், பிள்ளை கத்துகிறது, சடை கோணுகிறது, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். இழுக்கவே வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக முடி எடுத்து, கையைத் தலையோடு ஒட்டி வைத்துப் பின்னினால் அது தானாகவே நிற்கும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தை எப்படிச் செய்வது என்பதுதான்.

எப்படிப்பட்ட முடிக்கு வரும்

தோள் வரை முடி இருந்தால் கற்றுக்கொள்ள வசதி. இடுப்பு வரை நீண்ட முடியில் முதல்முறை முயலாதீர்கள், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நுனி சிக்கிக்கொள்ளும், கவனமெல்லாம் சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

குட்டை முடிக்கும் வரும். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு ஒரு வருஷம் ஆன பிள்ளை என்றால், முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் கணக்கில் பன்னிரண்டு சென்டிமீட்டர் போல இருக்கும். அந்த நீளத்தில் சாதாரண சடை பின்ன முடியாது, நுனி நிற்காது. ஆனால் உச்சியிலிருந்து பாதித் தலை வரை ஃபிரெஞ்ச் பின்னலாகப் பின்னி, அங்கேயே ஒரு சின்ன ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்திவிடலாம், நெற்றி முடி கண்ணில் விழாது. படிப்படியாக வெட்டிய முடியில் மட்டும் குட்டை நுனிகள் பின்னலுக்கு வெளியே குத்திக்கொண்டு நிற்கும், அங்கங்கே ஹேர்பின் தேவைப்படும்.

எண்ணெய், சிக்கு, ஈரம்

ஷாம்பு போட்டுக் காய்ந்த அன்றைக்கே முடி வழுக்கும், விரலில் நிற்காது. தலைக்குக் குளித்த மறுநாள்தான் பின்ன நல்ல நாள். உள்ளங்கையில் நாலைந்து சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்து, அந்தக் கையால் முடியைத் தடவிவிட்டால் போதும். வழிய வழிய எண்ணெய் வைத்தால் கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு, சமமாகப் பிரிக்கவே வராது. மார்கழி, தை மாதக் காலையில் எண்ணெய் உறைந்து கிடக்கும், தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டிதட்ட ஆரம்பிக்கும். பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் காட்ட வேண்டியதில்லை.

ஈரமுடியைப் பின்னாதீர்கள். நனைந்த முடி ரப்பர் மாதிரி நீளும், நீளும்போதே பலம் குறைந்து அறுந்துபோகும். போதாததற்குச் சாரல் காலத்தில் பின்னிய ஈரமுடி சாயங்காலம் வரை உள்ளே காயாமல் நாற்றம் அடிக்கும், தலை அரிக்கும். இதற்குப் புனலூர், கொல்லம் பக்கத்தில் அழகான ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குளித்ததும் இரண்டு காதுக்கு மேலிருந்தும் மெல்லிய கற்றை எடுத்துப் பின்பக்கம் சேர்த்துத் தளர்வாகப் பின்னி, மீதி முடியை அப்படியே விரித்துவிடுவார்கள். குளிப்பின்னல் என்று அதற்குப் பெயர். முகத்தில் முடி விழாது, தலையும் காயும். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் எங்கள் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, அதனால் இந்த மாதிரி வழக்கங்களை எங்கள் பக்கத்து ஆச்சிமார்களிடமும் பார்க்கலாம். தலை காயும் வரை குளிப்பின்னல், காய்ந்தபின் ஃபிரெஞ்ச் பின்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்த கொழகொழப்பான தாளியைத் தேய்த்துக் குளிப்பாட்டினால் சிக்கும் குறைவாகவே விழும்.

சிக்கெடுப்பதை எப்போதும் நுனியிலிருந்து தொடங்குங்கள். அகலப் பல் சீப்பால் முதலில் கடைசி நான்கு விரற்கடை, அப்புறம் அதற்கு மேலே, அப்புறம் இன்னும் மேலே. சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு கீழே வாரினால் இழுப்பு உங்கள் கையோடு நின்றுவிடும், தலைக்குப் போகாது. சிக்கெடுக்கும்போதே அழுதுவிட்ட பிள்ளை அப்புறம் பின்னலுக்கு உட்காராது, அதனால் இந்த வேலையில் அவசரமே கூடாது.

கையில் இருக்க வேண்டியவை

அகலப் பல் சீப்பு, வகிடு எடுக்க ஒரு வால் சீப்பு, துணி சுற்றிய சின்ன ரப்பர் பேண்ட் இரண்டு மூன்று, நாலு ஹேர்பின், ரிப்பன். பணக்கட்டில் போடும் வெறும் ரப்பர் பேண்ட் வேண்டாம், கழற்றும்போது முடியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

உட்காரும் விதம்

நீங்கள் நாற்காலியில், பிள்ளை உங்கள் முழங்காலுக்கு முன்னால் முக்காலியில். அவள் உச்சி உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். அதைவிட மேலே இருந்தால் உங்கள் கை தூக்கியே இருக்கும், ஐந்து நிமிஷத்தில் தோள் வலித்து, சடை மேல்பக்கம் தளர்ந்துவிடும். வீட்டுத் திண்ணைப் படி இருந்தால் மேல்படியில் நீங்கள், இரண்டு படி கீழே அவள், இதைவிட நல்ல இடம் இல்லை.

"ஏளா, தலைய ஆட்டாத" என்று சொல்லிக்கொண்டே பின்னுவதைவிட, அவள் கண் உயரத்தில் பார்ப்பதற்கு ஏதாவது வைத்துவிடுவது நல்லது. மடியில் புத்தகமோ போனோ கொடுக்காதீர்கள், தலை குனிந்துவிடும், தலை குனிந்தால் பிடரிப் பக்கம் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பள்ளி நாள் காலையில் இதைக் கற்றுக்கொள்ள முயல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கேயும் போக வேண்டாத நேரமாகப் பாருங்கள். அதற்கும் முன்னால் மூன்று நிற ரிப்பனை ஜன்னல் கம்பியில் கட்டி, கண்ணால் பார்க்காமல் சாதாரண மூணு கால் பின்னல் போட வருகிறதா என்று பாருங்கள். அது விரலுக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் மூன்று கால்

முடி முழுவதையும் பின்னோக்கி வாருங்கள், வகிடு வேண்டாம். இரண்டு புருவத்தின் உயர்ந்த இடங்களுக்கு நேர் மேலே இரண்டு கட்டைவிரலையும் வைத்து உச்சியை நோக்கி இழுத்துச் சேர்த்தால் நடுவில் ஒரு கற்றை கிடைக்கும். சின்னப் பிள்ளைக்கு மூன்று விரல் அகலம் போதும். முதல்முறை பின்னுபவர்கள் இதைப் பெரிதாக எடுத்துவிடுவார்கள், அப்படி எடுத்தால் தொடக்கத்திலேயே சடை தடித்து, பிற்பாடு சேர்க்கும் முடி கண்ணுக்கே தெரியாது.

அந்தக் கற்றையை மூன்றாகப் பிரியுங்கள்: வலது கால், நடுக் கால், இடது கால். வலது காலை நடுக் காலுக்கு மேலாகக் கொண்டுபோய் நடுவில் விடுங்கள். அடுத்து இடது காலை, இப்போது நடுவில் இருப்பதற்கு மேலாக, நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இது சாதாரண சடைதான், இன்னும் முடி சேர்க்கவில்லை. இந்த ஒரு சுற்று நெற்றிக்கு அருகிலேயே, தலையோடு படிந்து இருக்க வேண்டும்.

முடி சேர்ப்பது

இனி ஒவ்வொரு முறை ஒரு காலை நடுவுக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலும், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் புது முடியை அந்தக் காலோடு சேர்க்கிறோம். ஃபிரெஞ்ச் பின்னல் மொத்தமே இவ்வளவுதான். கஷ்டம் எங்கே என்றால் கையில் மூன்று கால் இருக்கும்போது நாலாவதாகப் புது முடியை எந்த விரலால் எடுப்பது என்பதில்தான். அதனால் விரல் விரலாகச் சொல்கிறேன்.

வலது பக்கத்து முறை வரும்போது, இடது கால் உங்கள் இடது கையின் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உள்ளே உள்ளங்கையோடு அழுந்தி இருக்கட்டும். நடுக் கால் அதே இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. வலது கையில் வலது கால் மட்டும், அதையும் கடைசி மூன்று விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டால் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கும். அந்த ஆள்காட்டி விரல் நுனியால் நெற்றி ஓரத்தில், முடி முளைக்கும் இடத்திலிருந்து சடை வரை ஒரு நேர்கோடு இழுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள முடி பென்சில் அளவுக்கு ஒரு கற்றையாக வரும். அதைக் கட்டைவிரலால் வலது காலோடு சேர்த்து, இரண்டையும் ஒரே காலாக ஆக்கி, நடுக் காலுக்கு மேலாகக் கொண்டுபோங்கள். இடது கட்டைவிரல் இந்தப் புது நடுக் காலைப் பிடித்துக்கொள்ளும், பழைய நடுக் கால் வலது கைக்கு வந்து வலது காலாகிவிடும்.

இப்போது கை மாற்றம். நடுக் காலை வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் கொடுங்கள், இடது கையில் இடது கால் மட்டும் மிஞ்சும், அதன் இரண்டு விரல் சும்மா ஆகிவிடும். அதே மாதிரி இடது பக்கத்தில் கோடு, கற்றை, சேர்ப்பு, நடுவுக்கு. முதலில் மெதுவாக, "கோடு, சேர், மேலே, மாற்று" என்று வாயால் சொல்லிக்கொண்டே செய்தால் முறை மறக்காது. பிள்ளைகளும் கூடவே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அவர்கள் அசையாமல் இருப்பதற்கும் அது உதவும்.

இரண்டு விஷயத்தில் கண் இருக்கட்டும். ஒன்று, கற்றை எப்போதும் முடியின் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். சடைக்குப் பக்கத்தில் இருக்கும் முடியை மட்டும் அள்ளினால் ஓரத்து முடி மிஞ்சிப்போய்க் கடைசியில் தொங்கும். இரண்டாவது, இரண்டு பக்கமும் ஒரே அளவு. வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது பக்கம் தடிப்பாக எடுக்கத் தோன்றும், சடை அந்தப் பக்கமாகச் சாயும்.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நம்மூரில் பூ கட்டும் யாருக்கும் உடனே புரியும். நாரைப் பிய்த்து இழுத்துக் கட்டுவதில்லை, விரலுக்குள்ளேயே முடிச்சை நெருக்கிக்கொண்டு போகிறோம். அதே மாதிரி, ஒரு காலை நடுவில் விட்டதும் இரண்டு கையையும் தலையோடு ஒட்டியபடியே இலேசாக வெளிப்பக்கம் விரித்து நெருக்குங்கள். கை தலையைவிட்டு உயரே எழும்பினால் அத்தனை இழுப்பும் முடியின் வேருக்குப் போகிறது, பிள்ளைக்கு வலிக்கிறது, அதோடு பின்னலும் தலையில் படியாமல் தூக்கி நிற்கிறது. உங்கள் விரல் முட்டிகள் அவள் தலையைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றனவா என்பதுதான் சோதனை.

காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்

காதுக்கு மேலே வரும் வரை சுலபம். காதுக்குப் பின்னால் முடி மெல்லிசாக, குட்டையாக, வளைந்து இருக்கும், அங்கே வால் சீப்பின் வாலால் கோடு இழுத்து எடுங்கள். வேண்டுமானால் விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொள்ளலாம்.

பிடரிக்கு வரும்போது எல்லாரும் பிள்ளையின் தலையை முன்னால் குனியவைப்பார்கள், நமக்கு வசதி என்பதால். குனிந்த தலையில் பின்னினால் அவள் நிமிர்ந்ததும் பிடரிப் பக்கத்து முடி அத்தனையும் தளர்ந்து பை மாதிரி தொங்கும். இந்த இடத்தில் அவள் கொஞ்சம் மேலே பார்க்க வேண்டும். "கூரையைப் பாரு" என்று சொல்லிவிட்டு, கடைசி நாலைந்து சேர்ப்பை முடியுங்கள்.

சேர்க்க முடி தீர்ந்ததும் மூன்று கால்தான் மிச்சம், அப்படியே சாதாரண சடையாகக் கீழே வரை பின்னி, நுனியில் மூன்று விரல் விட்டு ரப்பர் பேண்ட் போடுங்கள். அதற்குமேல் ரிப்பன்.

சரியாக வராவிட்டால்

நடுவில் மேடு விழுந்தால் அந்த இடத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் அவிழ்த்து மறுபடி பின்னுங்கள், முழுவதும் பிரிக்க வேண்டாம். சின்ன மேடு என்றால் வால் சீப்பின் வாலை அடியில் விட்டு, தளர்ந்த முடியைச் சடைப் பக்கமாகத் தள்ளினாலே அடங்கும். பக்கவாட்டில் கோணினால், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சிறிய கற்றையாகவும் எதிர்ப்பக்கம் சற்றுப் பெரிதாகவும் எடுத்துக்கொண்டு வந்தால் நேராகிவிடும். நடுவில் ஒருமுறை போனில் படம் எடுத்துப் பாருங்கள், மேலிருந்து பார்க்கும் நம் கண்ணுக்குக் கோணல் தெரியாது. தொடக்கமே அவிழ்ந்துகொண்டு வந்தால் முதல் கற்றை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

பள்ளிக்கு இரட்டைச் சடை

நம் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் இரட்டைச் சடை, மடித்துக் கட்டி ரிப்பன் என்பதுதான் வழக்கம். அதையும் ஃபிரெஞ்ச் பின்னலாகவே போடலாம். நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை வால் சீப்பால் நேர் வகிடு எடுத்து, ஒரு பக்கத்தை ரப்பர் பேண்டில் ஒதுக்கிவிட்டு மறுபக்கம் பின்னுங்கள். முதல் கற்றை இரண்டு விரல் அகலம் போதும். ஒரு பக்கம் நெற்றி, காது ஓரத்திலிருந்தும் மறுபக்கம் வகிட்டிலிருந்தும் முடி சேர்ப்பீர்கள். வகிட்டுப் பக்கத்துக் கற்றை மெல்லிசாக இருந்தால்தான் வகிடு சுத்தமாகத் தெரியும். காற்றுக் காலத்தில் ஒற்றைச் சடையைவிட இது நன்றாக நிற்கும்.

கால்களை மேலாக விடுவதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் நடுக் காலுக்கு அடியில் விட்டால் சடை தலைக்கு மேலே எழும்பித் தெரியும், அதுதான் டச்சுப் பின்னல். முடி மெல்லிசான பிள்ளைகளுக்குச் சடை தடிப்பாகத் தெரிய இது உதவும். விரலின் வேலை ஒன்றுதான், திசை மட்டும் மாறுகிறது. ஃபிரெஞ்ச் பின்னல் கைக்கு வந்தபின் இதைத் தொடுங்கள், இரண்டையும் ஒன்றாகப் பழகினால் குழம்பும்.

தலையில் பார்க்க வேண்டியது

பின்னும்போது ஓரம் ஓரமாகக் கோடு இழுக்கிறோம் இல்லையா, அந்த நேரத்தில் தலைத்தோல் முழுவதும் நம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. நெற்றி ஓரத்திலோ காதோரத்திலோ சின்னச் சிவப்புப் பொரி, அல்லது முடி மெலிந்து இடைவெளி தெரிந்தால் இழுப்பு அதிகம் என்று பொருள். நாள் தவறாமல் ஒரே இடத்தில் இறுக்கிப் பின்னினால் அந்த ஓரத்து முடி உதிரும், நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் திரும்ப முளைக்காமலும் போகலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தளர்வான சடையோ குளிப்பின்னலோ போட்டு மாற்றுங்கள். "அம்மா, அங்கன வலிக்கு" என்று அவள் சொன்னால் அந்த இடத்தை அவிழ்த்துத் தளர்த்துங்கள். பழகிடும் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஈரும் பேனும் அதிகம் இருக்கும் இடம் காதுக்குப் பின்பக்கமும் பிடரியும்தான். பேன் குதிக்காது, பறக்காது, தலையோடு தலை ஒட்டும்போது ஏறுகிறது, அதனால் முடியைப் பின்னி வைப்பது அதற்கும் ஓரளவு நல்லது. கண்டால் முடியை நனைத்து, எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை வாருங்கள். ஈர் பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் மூன்று நாளைக்கு ஒருமுறையாக இரண்டு வாரமாவது விடாமல் வார வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும், தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுத் தேய்ப்பதும் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. இரண்டுமே வேண்டாம். கற்பூரம் குழந்தை உடம்புக்குள் போனால் வலிப்பு வரும் அளவுக்கு விஷம், மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், தீப்பிடிக்கும். வாரியும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்குங்கள்.

பூவும் இரவும்

ஓணத்துக்கோ பள்ளி ஆண்டு விழாவுக்கோ பூ வைக்க வேண்டுமென்றால் உச்சியில் வைக்காதீர்கள், கனம் தொடக்கத்தை இழுத்துத் தளர்த்திவிடும். முடி சேர்ப்பது முடிந்து சாதாரண சடை தொடங்கும் இடத்தில், பிச்சிச் சரத்தை அரைவட்டமாக வைத்து, ஹேர்பினைச் சடையின் கால்களுக்குள் நுழைத்துக் குத்துங்கள். தலைத்தோலை உரசிக்கொண்டு பின் போகக் கூடாது. ஒரு முழம் போதும் சின்னப் பிள்ளைக்கு.

தூங்கும் முன் அவிழ்த்துவிடுங்கள். ரிப்பன், பின் எல்லாம் எடுத்தபிறகு நுனியிலிருந்து விரலால் பிரித்துக்கொண்டே மேலே வர வேண்டும், உச்சியிலிருந்து உருவினால் சிக்கு விழும். அவிழ்த்ததும் சீப்பை எடுக்காமல் விரல் நுனியால் தலையை இரண்டு நிமிஷம் தேய்த்துவிடுங்கள், அப்புறம் தளர்வாக ஒரு சடை போட்டால் காலையில் சிக்கெடுக்கும் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.